ஒரு மாட்டுக்கு இரண்டு கயிறு

கல்லில் ஒரு பெயர்தான் இருந்தது. மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்த ஆரின் டாக்கெட், கோளாறு தன் கண்ணில்தான் என்று நினைத்து, மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் ஒன்றுதான். 'ஆரின் டாக்கெட். ஜோடிக் கயிறு வீச்சில் உலக சாம்பியன், 1984.' கீழே பளபளவென்று ஒரு வெண்கலக் குதிரை. குதிரைக்குக்கூட அந்தக் கல்லில் இடம் கிடைத்திருந்தது. ஃபெர்மினுக்குக் கிடைக்கவில்லை.

ஜோடி என்று எழுதிவிட்டு ஒரே ஒரு பெயரை வெட்டியிருக்கிறானே, வெட்டியவனுக்குக்கூடவா உறைக்கவில்லை? ஆரினுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ராய்ஸ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தொழுவத்தில் இருந்த மாடுகள் தலையைத் தூக்கின.

ராய்ஸ் கிம்பெல் வேகமாக வந்தார். கயிற்று வீரர் சங்கத்தின் தலைவர். மடிப்புக் கலையாத கோட்டு, அழுக்குப்படாத தொப்பி. ஊரில் லாரி விற்கும் கடை வைத்திருக்கிறார். ஜெயித்தவர்கள் பெல்ட்டில் மாட்டும் வெள்ளி பக்கிள் அவர் இடுப்பிலும் மின்னியது, பதவியோடு சேர்ந்து வந்தது. ஒரு மாட்டின் நிழலைக்கூட அவர் கயிறு தொட்டதில்லை.

"எப்படி இருக்கு பெரியவரே? ஃபிளாக்ஸ்டாஃப்லேர்ந்து வரவழைச்ச கல்லு."

"நான் கல்லைக் கேக்கல. இன்னொரு பேரு எங்கய்யா?"

ராய்ஸின் சிரிப்பு கொஞ்சம் வாடியது. "இதைத்தான் போன மாசமே பேசி முடிச்சிட்டோமே."

"நீ பேசினே. நான் முடிக்கல."

"அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. வருஷத்துக்கு ஒரே சாம்பியன். நானா போட்டேன் அந்தச் சட்டத்தை? இப்ப மாத்தியாச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் குடுக்கறோமே."

"அப்ப பழசையும் மாத்து."

"ஒரு வருஷத்தைத் திறந்தா எல்லா வருஷத்தையும் திறக்கணும், ஆரின். விட்டுப்போன ஒவ்வொருத்தனும் வாசல்ல வந்து நிப்பான்."

"திறயேன். எல்லாத்தையும் திற. வந்து நின்னா என்ன, உன் வீட்டுச் சோத்தையா திங்கப் போறான்?"

ராய்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதில் இல்லாதவர்களுக்கு அது ஒரு வசதி. "மத்தியானம் விழா. சந்தோஷமா இருங்க பெரியவரே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜோடிக் கயிறு என்றால் இரண்டு குதிரை, இரண்டு ஆள், ஒரு மாடு. கூண்டிலிருந்து மாடு பாய்ந்ததும் தலைக்காரன் கொம்பில் சுருக்கைப் போட்டு, கயிற்றைச் சேணத்தின் முனையில் சுற்றி, மாட்டை இடது பக்கம் இழுத்துத் திருப்ப வேண்டும். திருப்பிய கணத்தில் கால்காரன் பின்னால் வந்து, துள்ளும் பின்னங்கால் இரண்டையும் ஒரே சுருக்கில் பிடிக்க வேண்டும். இரண்டு கயிறும் இறுகி, இரண்டு குதிரையும் ஒன்றையொன்று பார்த்து நின்றால்தான் கொடிக்காரர் கொடியை இறக்குவார். கடிகாரம் அப்போதுதான் நிற்கும். ஆரின் தலைக்காரர். ஃபெர்மின் ஆர்விசு கால்காரர். பதினோரு வருடம் இருவரும் ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போய், ஒரே தட்டில் தின்று, ஜெயித்ததை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள்.

எண்பத்துநான்கில் ஒரே ஒரு வார இறுதியில் ஃபெர்மினின் குதிரைக்கு வயிற்றுவலி வந்தது. "நான் இதை விட்டுட்டு வர மாட்டேன். நீ போ, அங்க எவனாவது கிடைப்பான்" என்று அவர்தான் ஆரினைப் பிடித்துத் தள்ளி அனுப்பினார். ஆரின் போய், யாரோ ஒரு உள்ளூர்க்காரனோடு ஜோடி போட்டு, மூன்றாவது இடம் வாங்கினார். சில்லறைக் காசு. ஆனால் வருடக் கடைசியில் அந்தச் சில்லறைதான் வித்தியாசம் என்று சங்கம் சொல்லிவிட்டது. அதிகம் ஜெயித்தவர் ஆரின், ஆகவே சாம்பியன் ஆரின். சேணம் ஒருவருக்கு, பக்கிள் ஒருவருக்கு, பட்டம் ஒருவருக்கு. அந்த வருடம் பிடித்த மாடுகளின் கொம்பையெல்லாம் ஆரின் பிடித்தார், கால்களையெல்லாம் பேய் பிடித்தது என்று கணக்கு.

பக்கிளை ஆரின் ஒருநாளும் இடுப்பில் போட்டதில்லை. சேணத்தை எடுத்துப் பேனாக்கத்தியால் தன் பெயருக்குப் பக்கத்தில் 'ஃபெர்மின் ஆர்விசு' என்று கோணல்மாணலாகக் கீறினார். "நல்ல தோலைக் கெடுத்துட்டியேடா, மடையா" என்று ஃபெர்மின் திட்டினார். அன்றிலிருந்து அந்தச் சேணம் ஒரு வருடம் ஆரின் வீட்டிலும் மறு வருடம் ஃபெர்மின் வீட்டிலுமாகக் குடித்தனம் நடத்தி வந்தது.

இப்போது இந்த விழா. கடிதம் வந்தவுடன் ஆரின் ஒரு காரியம் செய்தார். ராய்ஸோடு சண்டை போட்டு எப்படியும் ஜெயித்துவிடலாம் என்ற திமிரில் ஃபெர்மினுக்கு ஃபோன் போட்டு, "நம்மளைக் கௌரவிக்கப் போறாங்கடா, ரெண்டு பேரையும். சலவைச் சட்டை போட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டார். சண்டை நடந்தது. ஜெயம்தான் இன்னும் வரவில்லை. ஃபெர்மின் இந்நேரம் பாதி வழியில் இருப்பார்.

வாசலுக்கு ஆரின் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஃபெர்மின் வந்துவிட்டிருந்தார். விறைப்பாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பிசுக்கு இன்னும் போகாத புதுத் தொப்பி. இடது இடுப்பு போய் நாலு வருடமாகிறது, ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்பார். கையில் ஆரினின் மனைவி மாக்சினுக்கென்று சோள மட்டையில் சுற்றி அவித்த தமாலே ஒரு பாத்திரம் நிறைய. வாசலில் இருந்த பெண் அவர் மணிக்கட்டில் மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பொதுஜனம் உட்கார்ந்து பார்க்கிற படிக்கட்டு மேடைக்குப் போகிறவர்களுக்கான பட்டை.

"அம்மாடி, இன்னைக்கு விழாவே எனக்குத்தான். என் பேரைப் பாரு, இருக்கும்."

"நல்லாப் பாத்துட்டேன் தாத்தா. டாக்கெட் குடும்பம்னு ஆறு சீட்டு இருக்கு. உங்க பேர் இல்ல. உங்க இடம் மேல, வெயில் பக்கம். படி ஜாக்கிரதை."

ஃபெர்மின் திரும்பி ஆரினைப் பார்த்தார். நேராகக் கல்லிடம் போனார், துணியைத் தூக்கினார், படித்தார், துணியைப் பழையபடி இழுத்து மூடினார்.

"கல்லு நல்லா இருக்கு" என்றார்.

"ஃபெர்மின், கேளுடா, நான் இன்னும் பேசி…"

"பொய் சொல்லிக் கூப்பிட்டிருக்கே."

"பொய் இல்ல. சாயங்காலத்துக்குள்ள உண்மையாயிடும்."

"உன் கட்டைவிரல் துண்டாகி விழுந்தப்பவே மூளையும் கூட விழுந்திருக்கு. நான் கிறுக்கன், விரலை மட்டும் பொறுக்கிட்டு வந்தேன்." கயிற்றுச் சுற்றில் மாட்டி ஆரினின் வலது கட்டைவிரல் போன நாளில், அதை மண்ணிலிருந்து எடுத்து பீர் ஐஸில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர் அவர்தான். ஒட்டவில்லை என்பது வேறு விஷயம்.

"திரும்பிப் போயிடாதடா."

"எப்படிப் போறது? தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். பக்கத்து வீட்டுக்காரி போட்டோ அனுப்புன்னு சொல்லியிருக்கா." ஃபெர்மினின் குரல் அங்கே உடைந்தது. பாத்திரத்தை ஆரினின் கையில் திணித்தார். "மாக்சின்கிட்ட குடு. ஆறிடப் போவுது."

சாய்ந்து சாய்ந்து அவர் மேடைப் படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஆரினுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாக்சின் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வருடம் இந்த மனுஷனோடு குப்பை கொட்டியவள்.

"என்ன பண்ணப் போற?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கோ. அந்த மனுஷன் மூஞ்சியில முழிக்கற யோக்கியதை இல்லாம என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாத."

மத்தியானம் வெயில் கொளுத்தியது. மலைப்பக்கம் மழைமேகம் கட்டிக்கொண்டு நின்றது, வழக்கம்போல வருவதாகச் சொல்லி ஏமாற்றிக்கொண்டு. விழாவின் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கௌரவம் பெறுகிறவர் தான் ஜெயித்த சேணத்தில் ஏறிக் களத்துக்குள் வர வேண்டும். இப்போதைய சாம்பியன் ஒருவனோடு ஜோடி சேர்ந்து ஒரு மாட்டைப் பிடிக்க வேண்டும். போட்டி இல்லை, பேருக்குத்தான், ஆனாலும் கடிகாரம் ஓடும், கொடி இறங்கும். அதன்பிறகு பக்கிள், கல், போட்டோ.

ஆரின் குதிரையில் ஏறியதும் ராய்ஸ் ஒரு போர்வையோடு வந்தார். சேணத்தின் பக்கவாட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இந்தக் கிறுக்கல் போட்டோவுல அசிங்கமா விழும். இதை மேல போட்டு மூடிக்கலாமா?"

ஆரின் குனிந்து, தான் கீறிய அந்தக் கோணல் எழுத்துகளைப் பார்த்தார். பிறகு ராய்ஸைப் பார்த்தார். என்ன செய்வதென்று காலையிலிருந்து தெரியாமல் தவித்தவருக்கு அந்தப் போர்வையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"போர்வையை நீ போத்திக்க. சாயங்காலம் குளிரும்."

கூண்டுக்கு வலப்பக்கம் டிரே வான்ஸ் தயாராக நின்றான். போன வருடத்துக் கால்காரன் சாம்பியன். சட்டை முழுக்க விளம்பரம் தைத்த, தாடி சரியாக முளைக்காத பையன். ஆனால் கயிறு போட்டால் தப்பாது. ஆரின் குதிரையை அவன் பக்கத்தில் கொண்டு போனார்.

"தம்பி, நீ எறியாத."

"ஐயா?"

"மாட்டை நான் திருப்புவேன். அதோட காலு உன்னுது இல்ல. மேல வெயில்ல உக்காந்திருக்கான் பாரு, வெள்ளைச் சட்டை, அவனோடது."

டிரே மேடையைப் பார்த்தான். "எனக்குச் சட்டை தர்ற கம்பெனிக்காரங்க முன்வரிசையில உக்காந்திருக்காங்கய்யா. சும்மா நின்னா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"அது உன் பாடு. எறியறதானா எறி, நான் உன் கையைப் பிடிக்க முடியாது. ஆனா அது இன்னொருத்தன் காலுன்னு தெரிஞ்சு எறி."

பையன் கையிலிருந்த கயிற்றைக் குனிந்து பார்த்தான். அறிவிப்பாளர் ஆரினின் பெருமைகளை ஒலிபெருக்கியில் அளந்து முடித்தார். ஆரின் தலையசைத்தார். கூண்டு திறந்தது.

புள்ளி போட்ட மாடு, தாழ்ந்த கொம்பு, நல்ல ஓட்டம். எழுபதை நெருங்குகிற உடம்புக்கு இதெல்லாம் மறக்குமா? மூன்று சுழற்றலில் சுருக்கு கொம்பில் போய் உட்கார்ந்தது. கயிற்றைச் சேண முனையில் சுற்றி, குதிரையை இடது பக்கம் மடக்கினார். மாடு திரும்பியது. திருப்பும்போது பதினோரு வருடமும் எந்த ஊர்க் களத்திலும் ஒரு வார்த்தைதான் கத்துவார். இன்றும் தொண்டை கிழிய அதையே கத்தினார்.

"உன்னுதுடா, ஃபெர்மின்!"

டிரே பின்னால் பாய்ந்து வந்துவிட்டிருந்தான். சுருக்கு தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. மாட்டின் கால்கள் சரியாக அவனுக்கு எதிரே துள்ளின. இதைவிட நல்ல தருணம் கால்காரனுக்கு வாய்க்காது. ஆரின் திரும்பிப் பார்த்தார். பையனின் கை ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது. பிறகு இறங்கியது. குதிரையை இழுத்து நிறுத்தி, முன்வரிசையை ஏறெடுத்தும் பார்க்காமல், கயிற்றை நிதானமாகச் சுருட்ட ஆரம்பித்தான்.

மேடை முழுக்க ஒரே சலசலப்பு. தலைக்கயிறு தப்பினால் கால்காரன் சுருட்டுவான், அது தெரிந்ததுதான். மாடு கயிற்றில் இருக்கும்போது சுருட்டுகிறவனை யாரும் பார்த்ததில்லை. அறிவிப்பாளர் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். பலகையில் கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ராய்ஸ் வேலியைத் தாண்டிக் களத்துக்குள் ஓடிவந்தார்.

"ஹார்லன்! கொடியை இறக்குய்யா!"

கொடிக்காரர் ஹார்லன் குதிரைமேல் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். "ஒரு கயிறுதான் விழுந்திருக்கு. ரெண்டாவது விழாம எப்படி இறக்கறது?"

"ஒரு நிமிஷம்தான் விதி! தாண்டினா ஓட்டம் செல்லாது!"

"அது போட்டிக்கு. இது விழான்னு நீங்கதானே காலையில சொன்னீங்க?"

ஹார்லனின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஆரின் அந்த ஆளைக் கட்டிக்கொண்டிருப்பார், கை காலியாக இருந்திருந்தால்.

மாடு இழுத்தது. கட்டைவிரல் இல்லாத கையில் நாலு விரலால் கயிற்றின் வாலைப் பிடித்திருந்தார், உள்ளங்கை எரிந்தது. குதிரை மூச்சு வாங்கியது. மேலே வெள்ளைச் சட்டை அசையவே இல்லை. ஆரினுக்கு இப்போதுதான் பயம் வந்தது. அவன் வராவிட்டால்? இத்தனை பேர் முன்னால் அவனை இரண்டாவது தடவை அவமானப்படுத்தியதாக அல்லவா ஆகும்? ஆனால் கயிற்றை விட அவருக்கு மனம் வரவில்லை. கெஞ்சினால் ஃபெர்மின் சாகும்வரை இறங்க மாட்டார் என்பது தெரியும். வேறு வழி தெரியும்.

"என்னடா உக்காந்துட்டே! மாட்டுக்குப் பின்னங்கால் இருக்கறது மறந்துபோச்சா?"

யாரோ சிரித்தார்கள்.

"பெரிய மாடுன்னு பயமா? ஆட்டுக்குட்டி வேணா கொண்டுவரச் சொல்லட்டா? பாத்திரத்துல தமாலே இருக்கு, அது ஓடாது, அதையாவது பிடிப்பியா?"

மேடை முழுக்கச் சிரிப்பு எழுந்தது. வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த வசவு ஆரினுக்குத் தெளிவாகக் கேட்டது, அதில் ஆரினின் அப்பா, தாத்தா எல்லாரும் வந்தார்கள். ஃபெர்மின் கம்பியைப் பிடித்துப் பிடித்து, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். களத்து வேலியை அவரால் தாண்ட முடியவில்லை. இரண்டு பேர் வாசலைத் திறந்துவிட்டார்கள். டிரே குதிரையிலிருந்து குதித்து, கால் வைக்கும் அங்கவடியின் வாரை ஏற்றிக் கட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தன் கயிற்றை நீட்டினான்.

"கொஞ்சம் விறைப்பான கயிறுங்கய்யா."

"நானும்தான்" என்றார் ஃபெர்மின். முனகிக்கொண்டே ஏறினார். குதிரையை நடத்திக்கொண்டு ஆரினுக்குக் குரல் கேட்கிற தூரத்துக்கு வந்தார். "இது முடியட்டும், உன்னைக் கொல்றேன்."

"கொல்லு. மொதல்ல இதை முடி."

ஆரின் குதிரையை நடத்தினார், மாடு துள்ளிக்கொண்டே பின்னால் வந்தது. ஃபெர்மின் சுழற்றி எறிந்தார். சுருக்கு மாட்டின் தொடையில் பட்டு மண்ணில் விழுந்தது. மேடையில் 'த்சொ' என்ற சத்தம். சுருட்டி மறுபடி எறிந்தார். சுருக்கு சரியாகத்தான் போய் நின்றது, மாடு அதைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டது. விதிப்படி இதற்குமேல் வீச்சு கிடையாது. ஹார்லனின் கொடி மேலேயே இருந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஃபெர்மினின் முகம் சாம்பலாகியிருந்தது. "போதும்டா" என்றார் மெதுவாக. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான் நிக்கறேன்."

"என்னால ஆகலடா."

"நான் விடமாட்டேன். மாடு கிழடாகறவரைக்கும் நிக்கறேன். எறி."

ஆரினின் உள்ளங்கையில் தோல் உரிந்து கயிறு ஈரமாகிவிட்டது. பிடியை மாற்றாமல் குதிரையை மறுபடி நடத்தினார். மாடும் களைத்துப் போயிருந்தது, துள்ளல் குறைந்து காலை வாரி வாரி வைத்தது. ஃபெர்மின் இந்தமுறை அவசரப்படவில்லை. இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னே சாய்ந்து, சுருக்கைக் காலடியில் கொண்டுபோய் வைத்தார். இழுத்தார். கயிறு இறுகியது. சேண முனையில் இரண்டு சுற்று சுற்றிக் குதிரையைப் பின்னுக்கு நகர்த்தினார். ஆரின் தன் குதிரையைத் திருப்பி அவருக்கு நேராக நிறுத்தினார். இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நடுவில் மாடு நீட்டி நின்றது.

கொடி விழுந்தது.

அந்த ஊர் மேடை அப்படி ஒரு கத்தலைக் கேட்டிருக்காது. மாக்சின் பாத்திரத்தின் மூடியைத் தட்டித் தட்டிக் கத்தினாள். ஃபெர்மினின் பெயரை அறிவிப்பாளர்கள் ஆயுள் முழுக்க ஆர்வில் என்றும் ஹார்வி என்றும் கொலை செய்துவந்தார்கள். இந்த அறிவிப்பாளர் கீழே குனிந்து யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, தப்பில்லாமல் சொன்னார். "ஆரின் டாக்கெட்! ஃபெர்மின் ஆர்விசு! நேரம், நாலு நிமிஷம் பதினொரு வினாடி!" பலகையில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒரு ஓட்டம் என்று பதிவானால் இரண்டு பெயர் இல்லாமல் அந்தப் பலகை ஏற்றுக்கொள்ளாது.

ஃபெர்மின் கையைத் தூக்கினார். கத்தல் அடங்கும்வரை தூக்கியே வைத்திருந்தார்.

"ஒரு காலுதான் சிக்கியிருக்கு" என்று ஹார்லனைப் பார்த்துக் கத்தினார். "ரெண்டு கால் இல்ல. அதுக்கு அஞ்சு வினாடி அபராதம், சேத்துக்கோ."

அறிவிப்பாளர் சிரித்தார். "இன்னைக்கு அதெல்லாம் வேண்டாங்க ஃபெர்மின், விழாதானே!"

"சேத்துக்கோன்னா சேத்துக்கோ! ஓசியில எனக்கு ஒரு வினாடியும் வேணாம். நான் குடுக்க வேண்டியதை எடுத்துக்கோ. எனக்கு வர வேண்டியதைக் குடு."

ஆரினுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைத்துக்கொள்ளவில்லை. பலகையில் நேரம் மாறியது, நாலு நிமிஷம் பதினாறு. மாட்டை விடுவித்துவிட்டுக் குதிரைகள் அருகருகே வந்தன. அப்போதுதான் ஃபெர்மினின் கண் ஆரினின் கையில் போனது.

"விரல் மிச்சம் இருக்கா?"

"எண்ணிப் பாரு."

ராய்ஸ் வெல்வெட் பெட்டியும் மைக்குமாக வந்தார். முகத்தில் விழாச் சிரிப்பைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் தட்டு மாதிரி ஒரு பக்கிள், தங்க ஓரம் வைத்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "உங்க ஆட்டமெல்லாம் ஆயிடுச்சு. சத்தம் போடாம இதை வாங்கிக்கங்க" என்றார்.

"ரெண்டு" என்றார் ஆரின்.

"ஆரின்…"

"கொம்புக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. கல்லுல இன்னொரு பேரு. இல்லேன்னா என் பேரையும் செதுக்கி எடுத்துடு. குதிரை மட்டும் இருக்கட்டும், அது உன்னை ஒண்ணும் கேக்காது."

முன்வரிசைக்கு அது கேட்டுவிட்டது. 'ரெண்டு' என்று யாரோ ஆரம்பிக்க, மேடை அதைப் பிடித்துக்கொண்டது. ராய்ஸ் லாரி விற்கிறவர், கூட்டத்தைப் பேச்சால் இறக்கிவிடலாம் என்று நினைத்தார். மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"நண்பர்களே, நண்பர்களே! எனக்கும் ஆசைதான். ஆனா நியாயமா யோசிங்க. இன்னைக்கு எண்பத்துநாலைத் திறந்தா, நாளைக்கு ஒவ்வொரு வருஷமும் வந்து கதவைத் தட்டும். யாரெல்லாம் வருவாங்க, எத்தனை பேர் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு நிழல் பக்கத்து மேடையில், மூன்றாவது வரிசையில், கைத்தடி வைத்திருந்த ஒரு ஆள் எழுந்தார்.

"எழுபத்தெட்டு!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"எழுபத்தெட்டோட கால்காரன் நான்தான்! இங்கதான் இருக்கேன்!"

"எண்பத்தொண்ணு!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர். "நான் தலைக்காரன், கால்காரனுக்குக் குடுத்துட்டாங்க! பரவால்ல, அவனும் நல்லவன்தான்!"

"எழுபத்திமூணு!" அது ஒரு பெண்ணின் குரல். "எங்கப்பா செத்துட்டாரு! அவருக்காக நான் நிக்கறேன்!"

பீர் கடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வருடம் வந்தது. குதிரைத் தொழுவத்திலிருந்து ஒரு வருடம் வந்தது. கழிப்பறை வாசலில் ஒருவர் அரைகுறையாக மாட்டிய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே எண்பத்தாறு என்று கத்தினார். இத்தனை வருடமாக இந்த மேடையில் சீட்டு வாங்கி உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ராய்ஸ் திறந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குரலுக்கும் தலையைத் திருப்பினார். கழுத்து போதவில்லை.

"யாருக்குத் தெரியும்னு கேட்டியே ராய்ஸ்" என்றார் ஆரின். "இப்பத் தெரிஞ்சுபோச்சு."

ஃபெர்மின் அந்தப் பக்கிளை எட்டிப் பார்த்தார். பெட்டியை ஒரு விரலால் மூடினார்.

"கல்லைத்தான்யா கொஞ்சம் பெருசா வாங்கியிருக்கணும்" என்றார்.

ஜெயித்த ஜோடி களத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது வழக்கம். எண்பத்துநாலில் அந்தச் சுற்றை ஆரின் தனியாகப் போக மறுத்துவிட்டார், ஆகவே அது பாக்கி இருந்தது. இரண்டு பேரும் பக்கிள் இல்லாமலே குதிரைகளைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்கள். மேலே வருடங்கள் இன்னும் வந்துகொண்டே இருந்தன.